சனிக்கிழமைதான் சந்தை: ஜெர்மனிக்குப் படிக்கப் போகிறவர்களுக்கு ஒரு நாள் கடைக் கணக்கு

புளியம்பட்டிக்கு வியாழக்கிழமை சந்தை என்றால், ஜெர்மனியில் படிக்கும் பிள்ளைகளுக்குச் சனிக்கிழமை சந்தை. ஞாயிற்றுக்கிழமை அங்கே கடை கிடையாது. மளிகை, துணி, செருப்பு, பாத்திரம் எல்லாமே அடைப்பு, சட்டமே அப்படித்தான். பெரிய ரயில் நிலையத்துக் கடைகள், பெட்ரோல் பங்க், காலையில் சில மணி நேரம் பேக்கரி, இவ்வளவுதான் திறந்திருக்கும். பெட்ரோல் பங்கில் பாலும் ரொட்டியும் கிடைக்கும், ஆனால் விலையைப் பார்த்தால் பட்டினியே மேல் என்று தோன்றும். அரசு விடுமுறை நாளும் ஞாயிறு மாதிரிதான். ஈஸ்டர் சமயத்தில் புனித வெள்ளி அடைப்பு, சனி திறப்பு, ஞாயிறும் திங்களும் அடைப்பு. அந்த ஒரு சனிக்கிழமையைத் தவறவிட்டால் பாடு திண்டாட்டம்தான்.

கோவை, ஈரோடு, திருப்பூர்ப் பக்கத்திலிருந்து மேல்படிப்புக்குப் போகிறவர்கள் முதல் மாதத்தில் காசை விடுவது விலை தெரியாமல் அல்ல, வரிசை தெரியாமல். எந்தக் கடைக்கு முதலில், எதற்குக் கடைசியில் என்று தெரிந்துவிட்டால் வாரத்துக்கு 35 முதல் 40 யூரோவில் ஒருவர் வயிறாரச் சமைத்துச் சாப்பிடலாம்.

வெள்ளி இரவே எடுத்து வைக்க வேண்டியவை

முதலில் சில்லறை. தள்ளுவண்டியை எடுக்க 1 யூரோ அல்லது 50 சென்ட் நாணயம் வேண்டும்; வண்டியின் பூட்டில் நாணயத்தைச் செருகினால் சங்கிலி விடும், திரும்ப வந்து மாட்டினால் நாணயம் கையில் வரும். அதே அளவில் பிளாஸ்டிக் வில்லையும் உண்டு, சாவிக்கொத்தில் மாட்டிக்கொண்டால் தொல்லையில்லை. அடுத்து ரொக்கம். கார்டு இருக்கிறதே என்று வெறுங்கையோடு போகாதீர்கள். சிறிய துருக்கிக் கடை, வாரச் சந்தை, கபாப் கடை இவற்றில் இன்னும் ரொக்கம் மட்டும் வாங்குகிறவர்கள் உண்டு. 10, 20 யூரோ நோட்டுகளாக 40 யூரோ போதும். 100 யூரோ நோட்டை நீட்டினால் சின்னக் கடைக்காரர் முகம் மாறும்.

துணிப்பை மூன்று, முதுகுப்பை ஒன்று. கடையில் கொடுக்கும் மெல்லிய பிளாஸ்டிக் கைப்பைக்கு 2022 முதல் அங்கே தடை. காகிதப் பையும் காசுக்குத்தான். ஊர்ப் பாட்டிகள் சக்கரம் வைத்த இழுபையைத் தள்ளிக்கொண்டு போவதைப் பார்ப்பீர்கள். கூச்சப்படாமல் அப்படி ஒன்று வாங்கிவிடுங்கள். அரிசி, பால், எண்ணெய் சேர்ந்தால் எளிதாக 10 கிலோவைத் தாண்டும். அதைத் தோளில் போட்டு மூன்றாவது மாடி ஏறுவது படிப்புக்கு உதவாது.

பயணச்சீட்டு: பல பல்கலைக்கழகங்களில் பருவக் கட்டணத்திலேயே பஸ், ரயில் சீட்டு அடங்கியிருக்கும். அதைக் காட்டும்போது புகைப்பட அடையாள அட்டையும் கையில் இருக்க வேண்டும். காகிதச் சீட்டு வாங்கினால் பெரும்பாலும் முத்திரை குத்த வேண்டும். குத்தாத சீட்டு, சீட்டே இல்லாததற்குச் சமம். பிடிபட்டால் 60 யூரோ. கண்டக்டர் வந்து கேட்கட்டும் என்று உட்கார்ந்திருக்க அது நம் டவுன் பஸ் அல்ல. சாதா உடுப்பில் வந்து நிற்பார்கள்.

வெள்ளன எழுந்து வாரச் சந்தைக்கு

பெரும்பாலான ஊர்களில் சனிக்கிழமை காலை நகர மையத்தில் காய்கறிச் சந்தை கூடும். மதியம் 1, 2 மணிக்குள் முடிந்துவிடும். கீரை, தக்காளி, ஆப்பிள், தேன், முட்டை எல்லாம் பக்கத்துக் கிராமத்துக்காரர்கள் கொண்டுவருவார்கள். ஆர்.எஸ்.புரம் உழவர் சந்தைப் பழக்கத்தில் தக்காளியை ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்து எடுக்காதீர்கள். கடைக்காரர் கையால்தான் எடுத்துத் தருவார், தொட்டால் முறைப்பார். பேரமும் பேசுவதில்லை. ஆனால் கடை கட்டும் நேரத்தில் அவர்களாகவே கூறுகட்டி விலை குறைப்பார்கள். பாலாடைக்கட்டி, ஆலிவ் போன்றவற்றின் பலகையில் இருக்கும் விலை பெரும்பாலும் 100 கிராமுக்கு. கிலோ என்று நினைத்து அரைக்கிலோ கேட்டுவிட்டால் நினைத்ததைப் போலப் பத்து மடங்கு அழ வேண்டும்.

பொதுவாகச் சந்தைக் காய் மலிவுக் கடையைவிடக் கூடுதல் விலைதான். எனவே சந்தையில் கொஞ்சம் பச்சை மட்டும் வாங்கி அறையில் வைத்துவிட்டு, நகருக்குக் கிளம்புங்கள்.

நகரில்: தமிழ்க் கடை, துருக்கிக் கடை, மருந்துக் கடை

ஜெர்மனியின் பெரிய நகரங்களில் ஈழத்தமிழர் நடத்தும் கடைகள் உண்டு. பொன்னி அரிசி, இட்லி அரிசி, துவரம் பருப்பு, உளுந்து, பொட்டுக்கடலை, கருவேப்பிலை, முருங்கைக்காய் அங்கேதான். மாதம் ஒருமுறை போனால் போதும். காய் எந்தக் கிழமை வந்திறங்குகிறது என்று கேட்டுவைத்துக்கொண்டு மறுநாள் போங்கள்; இல்லாவிட்டால் வதங்கிய வெண்டைக்காய்தான் மிஞ்சும். “அண்ணா, அக்கா” என்று கூப்பிட்டுப் பேசினால் ஊரைப் பற்றியே பாதி விஷயம் அங்கே தெரிந்துவிடும்.

வாராவாரத்துக்குத் துருக்கிக் கடை. கொத்தமல்லியும் புதினாவும் சூப்பர்மார்க்கெட்டில் சிறு தொட்டியில் நாலு தண்டாக விற்கும். இங்கே கட்டுக்கட்டாகக் கிடைக்கும். கத்திரிக்காய், பச்சை மிளகாய், கொண்டைக்கடலை, சிவப்புப் பருப்பு, வாளியில் தயிர் எல்லாம் உண்டு. அந்தத் தயிரில் 10 சதவீதக் கொழுப்பு ரகம் கெட்டியாக, நம் வீட்டு எருமைத் தயிருக்கு அருகில் வரும். புளிப்புக் குறைவு, ஒரு நாள் வெளியே வைத்தால் சரியாகும்.

சோப்பு, ஷாம்பு, துணி பவுடருக்கு டிஎம் அல்லது ரோஸ்மன் என்ற கடைகள். குழாய்த் தண்ணீரைத் தாராளமாகக் குடிக்கலாம், ஆனால் பல ஊர்களில் உப்புத் தண்ணீர் மாதிரி கடினம். சிறுவாணித் தண்ணீரில் குளித்த தலைக்கு முதல் மாதம் ஒத்துவராது. கெட்டிலுக்குள் வெள்ளையாகச் சுண்ணாம்பு படியும். டிஎம்மில் விற்கும் சிட்ரிக் அமிலத்தைத் தண்ணீரில் கலக்கிக் கொஞ்ச நேரம் ஊறவிட்டால் விட்டுவிடும்.

இந்தக் கடைகளில் காய்ச்சல் மாத்திரை கிடைக்காது. பாராசிட்டமால்கூடச் சிவப்பு ‘ஏ’ எழுத்துப் போட்ட மருந்தகத்தில் மட்டும்தான். மருத்துவர் சீட்டு இல்லாமல் 500 மில்லிகிராம் மாத்திரை 20 கொண்ட பெட்டி வரைக்கும் தருவார்கள். மருந்தகமும் ஞாயிறு அடைப்பு. முறை வைத்து அவசரத்துக்குத் திறக்கும் ஒன்று எங்கோ இருக்கும், அது உங்கள் தெருவில் இருக்காது. சனிக்கிழமையே ஒரு பெட்டி வாங்கி வைத்துவிடுங்கள்.

துணிமணி விஷயத்தில் ஒரே அறிவுரை: பனியன், டி-சர்ட், உள்ளாடை அங்கே வாங்காதீர்கள். திருப்பூரில் தைத்துக் கப்பலேறிய சரக்கை யூரோ கொடுத்துத் திருப்பி வாங்குவதில் என்ன இருக்கிறது? அங்கே வாங்க வேண்டியது குளிர்கால மேல்கோட்டும், தண்ணீர் புகாத காலணியும். நம் ஊரில் கிடைக்கும் ஜெர்க்கின் ஊட்டிக்குத்தான் தாங்கும். கடையில் வாங்கிய துணி பிடிக்கவில்லை என்றால் திருப்பி எடுத்தே ஆக வேண்டும் என்று சட்டம் இல்லை, கடைக்காரர் மனசு. ஆன்லைனில் வாங்கினால்தான் 14 நாளுக்குள் திருப்பும் உரிமை. ஆகவே காசு கொடுக்கும் முன்பே மாற்றிக் கொடுப்பார்களா என்று கேளுங்கள், ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

மதியச் சாப்பாடு

பல்கலைக்கழக உணவகமான மென்சா மாணவர் விலையில் வயிறு நிறையப் போடும். ஆனால் சனிக்கிழமை பெரும்பாலும் மூடியிருக்கும். வெளியே மலிவு என்றால் கபாப் கடைதான். சைவத்துக்கு ஃபலாஃபல் கேளுங்கள், கொண்டைக்கடலை வடையை ரொட்டிக்குள் காய் வைத்துத் தருவார்கள். துருக்கிக் கடைப் பருப்பு சூப்பும் பெரும்பாலும் சைவமே. ஆனால் ஜெர்மன் உணவகத்துப் பருப்பு சூப்பில் பன்றித் தொத்திறைச்சி மிதக்க வாய்ப்பு அதிகம். இரண்டுக்கும் பெயர் ஒன்றுதான்.

மாடு, பன்றி சாப்பிடாத வீட்டுப் பிள்ளைகள் சில சொற்களை மனப்பாடம் செய்தே ஆக வேண்டும். ரிண்ட் என்றால் மாடு, கால்ப் என்றால் கன்று, ஷ்வைன் பன்றி, ஹேன்ஷன் கோழி, பூட்டே வான்கோழி, லாம் ஆட்டுக்குட்டி. டோனர் கபாப் என்று பொதுவாகக் கேட்டால் பல கடைகளில் கன்று இறைச்சி வரும். கோழி வேண்டுமென்றால் ஹேன்ஷன் என்று சொல்லுங்கள். கொத்துக்கறி பாக்கெட்டில் ‘கெமிஷ்ட்’ என்று இருந்தால் மாடும் பன்றியும் கலந்தது. வறுத்த உருளைக்கிழங்கு என்று நம்பி வாங்கினால் அதில் ‘ஷ்பெக்’ எனும் பன்றிக் கொழுப்புத் துண்டு கிடக்கும். ஜெல்லி மிட்டாயில் ஜெலட்டின் இருக்கும். பாக்கெட்டில் மஞ்சள் வட்டத்துக்குள் பச்சை ‘வி’ குறி இருந்தால் கவலையில்லை. அதே குறியின் கீழே வீகன் என்றும் போட்டிருந்தால் பாலும் கிடையாது.

உட்கார்ந்து சாப்பிடும் உணவகத்துக்குப் போனால் நடைமுறை வேறு. பல இடங்களில் மதியம் 2 மணிக்கு மேல் அடுப்பு அணைந்து மாலைதான் மீண்டும் எரியும், ஆகவே 12:30க்குள் போய்விடுங்கள். காலியான மேசை என்றாலும் ‘ரிசர்வீர்ட்’ பலகையும் ‘ஷ்டாம்டிஷ்’ பலகையும் இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டாவது அந்த ஊர் வாடிக்கைக்காரர்கள் வழக்கமாக உட்காரும் மேசை. உட்கார்ந்ததும் முதலில் கேட்பது குடிக்க என்ன என்றுதான். இங்கே மாதிரி எவர்சில்வர் டம்ளரில் தண்ணீர் தானாக வராது. தண்ணீருக்கும் காசு. வெறுமனே ‘வாசர்’ என்றால் சோடா வரும். சாதாத் தண்ணீருக்கு ‘ஷ்டில்லஸ் வாசர்’. குழாய்த் தண்ணீர் கேட்கலாம், ஆனால் கொடுத்தே தீர வேண்டும் என்றில்லை. “இன்னும் கொஞ்சம் குழம்பு ஊத்துங்க” என்பதெல்லாம் நடக்காது. தட்டில் வந்தது வந்ததுதான்.

சாப்பிட்டு முடித்ததும் கத்தியையும் முள்ளையும் ஒன்றாகச் சேர்த்துத் தட்டின் வலப்பக்கம் சாய்த்து வைத்தால் எடுத்துப் போவார்கள். பில் தானாக வராது. “ட்சாலன், பிட்டே” என்று கேட்க வேண்டும். நாலு பேர் போயிருந்தால் சேர்த்தா, தனித்தனியா என்று கேட்பார்கள்; “கெட்ரென்ட்” என்றால் அவரவர் சாப்பிட்டதை அவரவர் சொல்லிக் காசு கொடுக்கலாம், அதை யாரும் அற்பமாக நினைப்பதில்லை. மெனுவில் போட்ட விலையில் வரி அடங்கியிருக்கும். டிப்ஸ் 5 முதல் 10 சதவீதம், ஆனால் கொடுக்கும் விதம்தான் புதியவர்களுக்குப் பிடிபடாது. மேசையில் வைத்துவிட்டு எழுந்து போவதில்லை. பில் 17.60 என்றால், 20 யூரோ நோட்டை நீட்டியபடி “19” என்று அவர்கள் மொழியில் சொல்ல வேண்டும். 1 யூரோ மீதி தருவார்கள். நோட்டை நீட்டும்போது “டாங்கே” என்று நன்றி சொல்லிவிட்டால், மீதியை வைத்துக்கொள்ளுங்கள் என்று அர்த்தமாகிவிடும். 50 யூரோ நோட்டோடு அந்த வார்த்தையைச் சொல்லாதீர்கள்.

கருக்கலுக்கு முன் மலிவுக் கடைக்கு

கனமான சாமானும் பாலும் கடைசியில், வீட்டுக்குப் பக்கத்துக் கடையில். ஆல்டி, லிடில், பென்னி, நெட்டோ மலிவு ரகம். ரேவே, எடேகா ஒரு படி மேலே, சாமான் வகை அதிகம். பவேரியா மாநிலத்தில் இரவு 8 மணிக்குக் கதவு சாத்திவிடுவார்கள். வேறு பல மாநிலங்களில் 10 மணி வரை உண்டு. மாலை 6 மணி வாக்கில் போனால், மறுநாள் அடைப்பு என்பதால் காலாவதி நெருங்கிய பால் பொருள், ரொட்டி, காய்க்கு 30 சதவீதத் தள்ளுபடி ஒட்டியிருக்க வாய்ப்புண்டு.

காலி பாட்டிலை அப்போதுதான் கொண்டுபோக வேண்டும், காலையில் அல்ல. தண்ணீர், குளிர்பானப் பிளாஸ்டிக் பாட்டிலுக்கும் டின்னுக்கும் வாங்கும்போதே 25 சென்ட் முன்பணம் சேர்த்திருப்பார்கள். திரும்ப நிரப்பும் ரகத்துக்கு 15 சென்ட், பீர் பாட்டிலுக்கு 8. கடை வாசல் பக்கம் இருக்கும் இயந்திரத்தின் ஓட்டைக்குள் ஒவ்வொன்றாகப் படுக்க வைத்தால் உள்ளே இழுத்துக்கொள்ளும். நசுக்கக் கூடாது, லேபிளைக் கிழிக்கக் கூடாது. பார்கோடைப் படிக்க முடியாவிட்டால் வெளியே துப்பிவிடும். திரும்ப நிரப்பும் பாட்டிலை அந்த ரகம் விற்கிற கடைதான் வாங்கும். முடிந்ததும் பொத்தானை அழுத்தினால் சீட்டு வரும். அழுத்த மறந்தால் அடுத்தவர் கணக்கில் சேர்ந்துவிடும். சீட்டை அதே கடைக் கல்லாவில் கொடுத்தால் பில்லில் கழிப்பார்கள். சாமான் வாங்காமலே காசாகவும் கேட்கலாம். ஊறுகாய், ஜாம், ஒயின் பாட்டிலுக்கு முன்பணம் கிடையாது, அவை தெருவோரக் கண்ணாடித் தொட்டிக்கு. சத்தம் என்பதால் ஞாயிறும் இரவும் அதில் போடக் கூடாது.

அலமாரியில் பெரிய எழுத்து விலையை விட்டுவிட்டு, அதன் கீழே பொடி எழுத்தில் இருக்கும் கிலோ விலையைப் பாருங்கள். மலிவுச் சரக்கு முழங்காலுக்குக் கீழே இருக்கும். கண்ணுக்கு நேராக இருப்பதெல்லாம் விளம்பரச் சரக்கு. வெள்ளரி, காலிபிளவர் ஒன்றுக்கு இவ்வளவு என்று விலை. தக்காளி, வெங்காயம் எடைக்கு. ஆல்டி, லிடிலில் கல்லாவிலேயே நிறுப்பார்கள். சில பெரிய கடைகளில் நீங்களே தராசில் வைத்து எண்ணை அழுத்திச் சீட்டு ஒட்ட வேண்டும். தராசு பக்கத்தில் இருந்தால் அதுதான் அடையாளம்.

எந்த மாவு என்பதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். 405 என்று எண் போட்டது நம் மைதா. அதில் சப்பாத்தி சுட்டால் ரப்பராகத்தான் வரும். 1050 எண் மாவும் ‘ஃபோல்கோர்ன்’ எனும் முழுக்கோதுமை மாவும் பாதிப்பாதி கலந்தால் ஆட்டா பதத்துக்கு வரும். ‘வைசன்கிரீஸ்’ நம் ரவை; வறுத்துவிட்டு உப்புமா கிண்டலாம். பாலில் 3.5 என்று கொழுப்பு அளவு போட்டதை எடுங்கள், 1.5 காபிக்குத் தண்ணீராக இருக்கும். ‘புட்டர்மில்ஷ்’ கெட்டி மோர். தண்ணீர் ஊற்றி உப்பு, இஞ்சி தட்டிப் போட்டால் வெயில் காலத்துக்கு ஆகும்.

நெய்யை ஊரிலிருந்து கொண்டுபோக வேண்டாம். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் வெளிநாட்டுப் பால் பொருளும் இறைச்சியும் பயணப் பெட்டியில் வரத் தடை. கருவேப்பிலை, மாம்பழம் போன்ற பச்சைப் பொருள்களுக்கும் தாவரச் சான்றிதழ் இல்லாமல் அனுமதியில்லை. அன்னாசி, வாழைப்பழம், பேரீச்சை, டுரியன், தேங்காய் இந்த ஐந்துக்கு மட்டும் விலக்கு. பொள்ளாச்சித் தேங்காய்க்குத் தடையில்லை என்பது ஒரு ஆறுதல், பெட்டி எடை அனுமதித்தால். நெய்க்கு, உப்புச் சேர்க்காத 250 கிராம் வெண்ணெய்க் கட்டியை அடி கனமான போசியில் போட்டுச் சிறு தீயில் 15 முதல் 20 நிமிடம் உருக்கினால் சுமார் 200 கிராம் நெய் கிடைக்கும்.

கல்லாவில் சாமானை வரிசையாக அடுக்குங்கள்: கனமானது முன்னால், தக்காளி, முட்டை கடைசியில். உங்களுக்கும் அடுத்தவருக்கும் நடுவே குறுக்குக் கட்டையை வைக்க வேண்டும். காசாளர் வேகம் பயமுறுத்தும். அங்கேயே நின்று பையில் அடுக்க முயலாதீர்கள். அப்படியே வண்டிக்குள் தள்ளிக்கொண்டு, காசு கட்டி, சன்னலோரத் திண்டில் போய் நிதானமாக அடுக்குங்கள். “பார் ஓடர் கார்டே” என்றால் ரொக்கமா கார்டா. வேறு ஏதாவது கேட்டால் அது பெரும்பாலும் புள்ளி அட்டை இருக்கிறதா என்றுதான். “நைன்” போதும்.

இரவுக்கு அரிசிம்பருப்பு

கால் வலியோடு வந்து இதைவிட எளிதாக ஒன்றும் சமைக்க முடியாது. ஒரு டம்ளர் பொன்னி அரிசிக்கு மூன்றில் ஒரு பங்கு துவரம் பருப்பு. சின்ன வெங்காயத்துக்குப் பதில் கடையில் ‘ஷலோட்டன்’ என்று விற்கும் வெங்காயம் ஐந்தாறு, பூண்டு நாலு பல், தக்காளி ஒன்று, சீரகம், மிளகு, வரமிளகாய், மஞ்சள். தாளித்து வதக்கி மூன்றரை டம்ளர் தண்ணீர் ஊற்றி மூன்று விசில். துவரை இல்லையென்று சிவப்புப் பருப்பைப் போட்டால் அது பத்து, பதினைந்து நிமிடத்திலேயே கரையும் சாதி. குக்கரில் கஞ்சியாகி அடிபிடிக்கும். திறந்த போசியில் அரிசியை வேகவைத்து, பாதித் தண்ணீர் வற்றிய பிறகு போட்டால்தான் நிற்கும். பாஸ்மதி என்றால் தண்ணீர் இரண்டரை டம்ளர், அதுவும் உதிரி உதிரியாகத்தான் வரும்.

குக்கரை ஊரிலிருந்து வாங்கிப் போகும்முன் விடுதியில் என்ன அடுப்பு என்று விசாரியுங்கள். இண்டக்ஷன் என்றால் சாதா அலுமினியக் குக்கர் சூடே ஆகாது. அடியில் காந்தம் ஒட்டினால்தான் வேலை செய்யும். இண்டக்ஷன் அடி போட்ட எவர்சில்வர் 3 லிட்டர் எடுத்தால் எந்த அடுப்புக்கும் ஆகும்.

வரமிளகாய் தாளிக்கும்முன் சன்னலைத் திறந்து, புகைபோக்கியைப் போட்டு, அறைக் கதவைச் சாத்துங்கள். கூரையில் புகை உணரும் கருவி இருக்கும். சில விடுதிகளில் அது நேராகத் தீயணைப்பு நிலையத்துக்கே தகவல் சொல்லும். கருவியைத் துணி போட்டு மூடுவது மட்டும் வேண்டாம்.

கொத்தமல்லியின் வேரை வெட்டிவிட்டு, தழையைக் கழுவாமல் காகிதத் துண்டில் சுற்றி டப்பாவில் வையுங்கள், ஒரு வாரம் தாங்கும். கருவேப்பிலையை மட்டும் கழுவி, ஈரம் போகத் துடைத்து, உருவி, உறைபெட்டியில் போட்டுவிட வேண்டும். தாளிக்கும்போது உறைந்த இலையை அப்படியே எண்ணெயில் போடலாம், வெடிக்கும் என்பதால் மூடியைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.